உடம்பு என்னும் கூட்டுக் குடும்பம்

கடுகு எந்த டப்பாவில், மிளகு எந்த டப்பாவில் என்று இருட்டில்கூடக் கையை நீட்டி எடுத்து விடுகிறோம். ஆனால் நம் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் விழிக்கிறோம். 'அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பார்' என்று விட்டு விடுகிறோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், சகோதரிகளே! பள்ளிக்கூடப் படிப்போடு நின்று போன எனக்கே புரிகிற விஷயம்தான்.

செங்கல், சுவர், அறை, வீடு

உயிருள்ள மிகச் சிறிய அங்கம் செல். 1665-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, தக்கைச் சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்தன. அவர் வைத்த பெயர்தான் 'செல்'. நம் உடம்பில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. வீட்டுக்குச் செங்கல் போல உடம்புக்குச் செல். ஒரே வித்தியாசம், இந்தச் செங்கல்லுக்குப் பசிக்கும்; பிராணவாயுவும் வேண்டும்.

ஒரே விதமான செல்கள் சேர்ந்தால் திசு. போர்த்துவது, இணைத்துப் பிடிப்பது, சுருங்கி விரியும் தசை, சேதி கொண்டு போகும் நரம்பு என்று திசுவில் நாலு வகை. பல திசுக்கள் கூடினால் உறுப்பு. சிறுகுடலையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்துப் போர்வை சத்தை உறிஞ்சுகிறது; தசை உணவை முன்னே தள்ளுகிறது; நரம்பு அதை நடத்துகிறது; இணைப்புத் திசு எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்கிறது.

பல உறுப்புகள் ஒரே காரியத்துக்காகச் சேர்ந்தால் மண்டலம். ஜீரண மண்டலம், சுவாச மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம், நரம்பு மண்டலம் என்று பல. எல்லாம் சேர்ந்ததுதான் நாம்!

எங்கோ குறை, எங்கோ வலி

எங்கள் தெருவில் ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. "அக்கா, ரெண்டு குடம் தண்ணி தூக்கினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஹார்ட்லதான் ஏதோ கோளாறு. வீட்டுல சொன்னா பயந்துடுவாங்க" என்றாள். மூன்று மாதமாக மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறாள். "முதல்ல டாக்டர்கிட்ட காட்டும்மா" என்று அனுப்பி வைத்தேன். பரிசோதித்ததில் இதயம் நன்றாகவே இருந்தது. ஹீமோகுளோபின்தான் 8! பிள்ளை பெறாத, பெற்ற பெண்களுக்கெல்லாம் 12-க்குக் குறையக் கூடாது; கர்ப்பிணிக்கு 11.

இரத்தம் குறைந்தால் இதயம் ஏன் துடிக்க வேண்டும்? இங்கேதான் உடம்பின் கூட்டுக் குடும்பம் தெரிகிறது. சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை இரைப்பையின் அமிலம் கரைத்துக் கொடுக்கிறது. சிறுகுடலின் முதல் பகுதி அதை உறிஞ்சுகிறது. இரத்தம் அதை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்குச் சுமந்து போகிறது. மஜ்ஜை சிவப்பணுக்களைச் செய்கிறது. 'இன்னும் செய்' என்று ஹார்மோன் மூலம் உத்தரவு போடுவது யார் தெரியுமா? சிறுநீரகம்! சிவப்பணு நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக் கொள்ள, இதயம் அதை உடம்பு முழுக்க அனுப்புகிறது.

சுமை தூக்க ஆள் குறைந்தால் இருக்கிறவர்கள்தானே கூடுதல் நடை நடக்க வேண்டும்? அதனால்தான் இதயம் வேகமாக அடிக்கிறது. மூளை எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் பிராணவாயுவில் 20 பங்கு அதற்கே வேண்டும். தலைசுற்றல் வராமல் என்ன செய்யும்?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை.

நாம் செய்யக் கூடியவை

* கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேருங்கள். இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும்.
* சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம். அவை இரும்புச் சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.
* டாக்டர் தந்த இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து நிறுத்தவும் வேண்டாம். அது மாத்திரையின் நிறம்தான்.
* தெம்பு வந்ததும் மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். உடம்பின் சேமிப்பும் நிரம்ப வேண்டும். டாக்டர் சொன்ன காலம் வரை சாப்பிடுங்கள்.

படபடப்பெல்லாம் சோகைதான் என்று நாமே முடிவு கட்டவும் கூடாது. தைராய்டாக இருக்கலாம், இதயமாகவே இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது எத்தனை நாளாக இருக்கிறது, மாதவிலக்கில் போக்கு அதிகமா, பசி எப்படி என்று எல்லாவற்றையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நமக்குச் சம்பந்தமே இல்லாததாகத் தோன்றுகிற ஒரு வார்த்தைதான் அவருக்குச் சரியான வழியைக் காட்டும்.