விலா தெரியும் நாய்க்கு எவ்வளவு சோறு?

எங்கள் நாய் மணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து மூன்றே வாரத்தில் 14 கிலோ 10 கிலோவாகிவிட்டது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கண்ணுக்கு மேலே, நெற்றியின் இரு பக்கமும், விரல் வைத்தால் பதியும் அளவுக்குக் குழி. கடைசி ஒரு வாரம் ட்ரிப்தான். சோற்றுத் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் காலையில் அவனாகவே எழுந்து வந்து சமையலறை வாசலில் மூக்கை நீட்டினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோழி ஈரலை வேகவைத்து, ஒரு தட்டு நிறையச் சோறு பிசைந்து, தேறட்டுமே என்று இரண்டு கரண்டி நெய்யும் விட்டு வைத்தேன். தட்டை நக்கித் துடைத்தான். நடு இரவில் வாந்தி, விடிகாலையில் தண்ணீராக வயிற்றுப்போக்கு. மறுபடியும் ட்ரிப்.

“பட்டினி கிடந்த வயித்துக்கு விருந்து வெப்பாங்களா சார்?” என்றார் டாக்டர்.

அவர் கேட்டதில் உள்ள நியாயம் பிறகுதான் புரிந்தது. பல நாள் சாப்பிடாத உடம்பு வேறு கணக்குக்கு மாறிவிடுகிறது. சர்க்கரைக்குப் பதிலாகத் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து நாளைத் தள்ளுகிறது. குடலின் உட்சுவர் மெலிந்துபோகிறது. செரிமான நீர் குறைகிறது. அந்த நேரத்தில் ஒரேயடியாகச் சோறு இறங்கினால் இன்சுலின் திடீரென்று சுரக்கும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் அதோடு செல்களுக்குள் போய்விட, ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துவிடும். தசை தளரும், மூச்சு வாங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். 1945-இல் உலகப் போர் முடிந்து வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனதற்கும் இதுவே காரணம். மணிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. குடல் தாங்காததோடு தப்பித்தான்.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. நாயின் எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால், சும்மா படுத்திருக்க அதற்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கலோரி வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். மிகச் சிறிய, மிகப் பெரிய நாய்களுக்கு இது பொருந்தாது. நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான நாய்களுக்குப் போதும். இன்றைய எடையைத்தான் போட வேண்டும், பழைய எடையை அல்ல. மணிக்கு 10 கிலோ என்றால் 370. தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், வெள்ளைச் சோறு 150 கிராம், இரண்டும் சேர்ந்தாலே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடுகிறது. ஒரு முழு நாளைக்கே அவ்வளவுதான். நான் அன்று ஒரே வேளையில் வைத்தது அதைவிட அதிகம்.

முதல் நாளில் அந்த முழு அளவும் கூடாது. பல நாள் எதுவும் இறங்காத நாய்க்கு அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. ஆறு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்குச் சின்ன நெல்லிக்காய் அளவு உருண்டை. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். வாந்தி இல்லை, மலம் ஓரளவு கெட்டியாக இருக்கிறது என்றால் தினமும் கொஞ்சம் கூட்டி, மூன்று முதல் ஐந்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்குப் பிறகுதான் எடை ஏற்றும் வேலையே தொடங்குகிறது: வாரம் ஒருமுறை எடை பார்ப்பது, ஏறவில்லையென்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டுவது. எலும்பும் தோலுமாக இருக்கும் நாய்க்கு முதல் சில நாள் மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனையோடு நடப்பதே நல்லது. வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை அது.

நாய் வயிற்றுக்கு நெய் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். ஆரோக்கியமான நாய்க்கு ஒரு சொட்டு நெய் ஒன்றும் செய்துவிடாது. ஆனால் நோயில் கிடந்த நாய்க்கு எடை கூட வேண்டும் என்று நெய்யும் கோழித் தோலும் ஆட்டுக்கொழுப்பும் போடுவது கணையத்தில் போய் முடியலாம். கணையம் வீங்கினால் வாந்தியும் வயிற்று வலியும் வந்து, ஏறிய எடையும் போய்விடும். பாலும் அப்படித்தான், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது.

வெங்காயமும் பூண்டும் வேறு ரகம். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு மிஞ்சிய பிரியாணியையும் குழம்புச் சோற்றையும் ஆசையாக வைப்பது எவ்வளவு தப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எந்த நாய்க்கும் கூடாது.

உப்பில்லாமல் குழைய வேகவைத்த சோறு, நார் நாராகப் பிய்த்த கோழிக்கறி, வேகவைத்த முட்டை, ஒரு கரண்டி மசித்த பரங்கிக்காய். எங்கள் வீட்டில் ஓடியது இதுதான். முள் நீக்கிய மீனும் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சாப்பாடு ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் கறியும் சோறுமே போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். வீட்டுச் சாப்பாடுதான் தொடரும் என்றால் எதை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முழுச் சத்துள்ள நாய் உணவை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றிக்கொள்ளலாம்.

சாப்பிடவே மாட்டேன் என்கிற நாய்தான் பெரிய சோதனை. நாய்க்குப் பசியைத் தூண்டுவதில் வாசனைக்குத்தான் பெரிய பங்கு. அதனால் கை பொறுக்கிற வெதுவெதுப்பில் கொடுத்தால் குளிர்ந்ததைவிட நன்றாக எடுக்கும். கோழி வேகவைத்த தண்ணீரை, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, இரண்டு கரண்டி ஊற்றிப் பாருங்கள். கையால் ஊட்டலாம். வாயைப் பிடித்துத் திறந்து சிரிஞ்சால் பீய்ச்சக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. அது நடக்காவிட்டாலும் தட்டைப் பார்த்தாலே நாய்க்கு வெறுப்பு வந்துவிடும். வளர்ந்த நாய் இரண்டு நாளாக எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். குட்டி என்றால் அன்றைக்கே.

மாத்திரையையும் கவனியுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் 28 நாள் டாக்சிசைக்ளின் எழுதுவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டி எடுக்கும். கொஞ்சம் சாப்பாட்டோடு கொடுங்கள். பாலோடும் தயிரோடும் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெலிந்த நாய் எல்லாம் ஒரே மாதிரி மெலிந்ததல்ல. மணிக்கு ஒத்துக்கொண்டது உங்கள் நாய்க்கு ஆகாமல் போகலாம். சிறுநீரகம் பழுதான நாய்க்குக் கறியை அள்ளிப் போட்டால் பாரம் கூடும். கணையம் கெட்டதற்குக் கொழுப்பு ஆகாது. நீரிழிவு உள்ள நாய் எவ்வளவு தின்றாலும் இளைக்கும். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் போடும் சோற்றின் சத்து ரத்தமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஏன் இளைத்தது என்று தெரிந்த பிறகுதான் தட்டில் என்ன என்று முடிவு செய்ய முடியும்.

எடை பார்க்க நாய்க்கென்று மெஷின் வாங்க வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு மெஷினில் ஏறி, பிறகு நாம் மட்டும் ஏறி, கழித்துக்கொண்டால் போதும். மணியின் எடை முதல் இரண்டு வாரம் கொஞ்சம்கூட அசையவில்லை. ஏறத் தொடங்கியதும் வயிற்றுப் பக்கம்தான் முதலில் தெரிந்தது. கரைந்துபோன தசை திரும்ப வர, சாப்பாட்டோடு நடையும் வேண்டும். தெருமுனை வரை, பிறகு இரண்டு தெரு. கண்ணுக்கு மேலிருந்த குழி நிரம்ப இரண்டு மாதத்துக்கும் மேல் ஆயிற்று.

13 கிலோவில் வந்து நின்றுவிட்டான். பழைய 14 வரவேண்டுமே என்று அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் என் கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லி, புறங்கையைத் தடவிக் காட்டினார். “எலும்பு கைக்குத் தெரியுது, துருத்திக்கிட்டு இல்ல. விலாவும் இப்படித்தான் இருக்கணும்.” முஷ்டி மடக்கினால் முட்டி தெரிவது போல இருந்தால் மெலிவு, உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் பருமன். மணிக்குப் பாதி சிப்பிப்பாறை ரத்தம். வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட அந்த இனத்துக்குக் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதுதான் அழகு என்றார்.

எதிர்வீட்டு அத்தைதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “பிள்ளையை இப்படி வாடப் போட்டிருக்கீங்களே” என்று சாயங்காலமானால் முந்தானையில் பிஸ்கட்டோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்.