கூழாங்கல்லில் சிக்கிய கருந்துகள்

ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ எனப்படும் கனிமத்தின் பெயர், நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து சென்றது. மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தக் குருந்தத்தின் வகைகளே. 1891இல் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது மிகக் கடினமான புதுப் படிகம் ஒன்று கிடைத்தது. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்குக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. ஆயினும் தமிழ்ச் சொல் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது.

பெயரில் மட்டுமன்று, கற்களிலும் அது ஒட்டிக்கொள்ளும். நிலவியல் மாணவனான நான் விடுமுறை நாள்களில் கூழாங்கற்களை மெருகேற்றுகிறேன். கல்லின் குழிகளில் சிக்கிய கருந்துகளை எடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை.

ஏன் சிக்குகிறது?

மெருகேற்றும் கருவியை ஆங்கிலத்தில் ‘டம்ளர்’ என்பர். தண்ணீர் குடிக்கும் டம்ளர் அன்று; இரவுபகலாகச் சுழலும் சிறு ரப்பர் உருளை. கற்களையும் நீரையும் சிலிக்கன் கார்பைடுத் துகளையும் அதனுள் இட்டுச் சுழல விடுவோம். முதலில் பருந்துகள், பிறகு நடுத்தரம், பிறகு நுண்துகள், இறுதியில் மெருகுப் பொடி. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஒரு வாரம். மெருகுப் பொடி பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. வேதியியல்படி அதுவே நம் குருந்தம்.

ஆற்றில் கிடைக்கும் வெண்ணிறக் குவார்ட்சு கற்களில் விரிசலும் குழியும் மிகுதி. கற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது துகள் அவ்விரிசல்களுக்குள் திணிக்கப்படுகிறது. தேய்ந்த கல்மாவும் அதனுடன் சேர்ந்து, காய்ந்ததும் களிமண்போல் இறுகிவிடும். வெள்ளைக் கல்லில் கறுப்புக் கோடாகத் தெரிவது இதுவே.

அழகு மட்டும் கெடுவதில்லை. குவார்ட்சின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சிலிக்கன் கார்பைடு 9க்கும் மேல். ஒரு குழியில் தங்கிய சில பருந்துகள் மெருகுக் கட்டத்தில் வெளிப்பட்டால் உருளையிலுள்ள எல்லாக் கற்களிலும் கீறல் விழும். ஒரு மாத உழைப்பு வீணாகிவிடும்.

எடுக்கும் முறை

அமிலத்தை நாடாதீர்கள். குவார்ட்சையே கரைக்கும் கொடிய ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்கூடச் சிலிக்கன் கார்பைடைக் கரைக்காது. வீட்டிலுள்ள புளிக்காடி என்ன செய்யும்? நீரும் அசைவும் பொறுமையுமே இங்கு மருந்து.

முதலாவது, கற்களைக் காய விடக்கூடாது. உருளையைத் திறந்தவுடன் வாளி நீரில் கொட்டி, நீர் தெளியும்வரை பலமுறை அலச வேண்டும். பிறகு மென்மையான பல்துலக்கியால் குழிகளை நீருக்குள்ளேயே தேய்க்க வேண்டும்.

இரண்டாவது, எஞ்சியதைச் சாத்தே குச்சியின் முனையால் கிளறலாம். ஊசி வேண்டாம். எஃகு குவார்ட்சைவிட மென்மையானது. ஆகவே ஊசி தேய்ந்து, கல்லில் சாம்பல் நிறக் கோடுகளை விட்டுச்செல்லும்.

மூன்றாவது, சோப்புக் குளியல். உருளையையும் மூடியின் விளிம்பையும் நன்கு கழுவிவிட்டு, கற்களுடன் நீரும் ஒரு தேக்கரண்டி துருவிய சோப்பும் இட்டுச் சில மணி நேரம் சுழல விடுங்கள். பீங்கான் உருண்டைகள் சிலவற்றைச் சேர்த்தால் கற்கள் மோதி உடையா.

நான்காவது, மீயொலிக் கருவி. மூக்குக்கண்ணாடிக் கடைகளில் கண்ணாடியைக் கழுவும் அதே சிறு தொட்டிதான். ஒலியதிர்வால் நீரில் தோன்றி உடையும் நுண்குமிழ்கள், தூரிகை புகாத விரிசலிலிருந்தும் துகளை வெளியேற்றும். நீர் கலங்கினால் மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். ஆழமான விரிசலுள்ள கல் இதில் பிளக்கக்கூடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, கல்லை உலர்த்திப் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். ஈரத்தில் மறைந்திருக்கும் மாவு, உலர்ந்ததும் தெரியும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் துகளும் அன்று. டூர்மலின் போன்ற கருங்கனிமம் கல்லோடு பிறந்தது. எவ்வளவு கழுவினாலும் போகாது, போகவும் வேண்டாம்.

போகாவிட்டால்?

பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு, முதற்கட்டத்துக்கே திரும்பிக் குழி மறையும்வரை தேய்ப்பது. எல்லாக் கல்லுக்கும் அது பொருந்தாது. என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தின் ஆற்றில், என் அம்மா சிறுமியாக இருந்தபோது பொறுக்கிய ஏழு கற்கள் என்னிடம் உள்ளன. அத்தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. எட்டாவது கல் கிடைக்காது. அவற்றுள் ஒன்றில் ஆழ்ந்த குழி உண்டு. குழி மறையத் தேய்த்தால் கல்லில் பாதிதான் மிஞ்சும். அதனால் அதை மெருகுக் கட்டத்தில் சேர்க்காமல், நுண்துகளோடு நிறுத்திவிட்டேன். மற்ற ஆறும் பளபளக்கின்றன. இது மங்கலாக, ஒரு கரும்புள்ளியோடு இருக்கிறது. அம்மா முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள்

கழுவிய சேற்றைக் கழுவுதொட்டியிலோ கழிவறையிலோ ஊற்றாதீர்கள். குழாயில் சிமெண்டுபோல் இறுகிவிடும். விடுதி நிர்வாகம் உங்களைத் தேடி வரும்! வாளியில் தெளியவைத்து, மேல்நீரை வடித்து, அடிச்சேற்றை ஈரத்தோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உலர்ந்த சேற்றைச் சுரண்டவும் வேண்டாம். சிலிக்காத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும்.

நண்பர்களே, நல்ல மெருகு கடைசி வாரத்தில் வருவதன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே நாம் கழுவும் அந்த அரை மணி நேரத்தில் வருவது. கல் பொறுக்குவோர் வாளியையும் பழைய பல்துலக்கியையும் முதலில் தயார்செய்யுங்கள். கருவியைப் பிறகு வாங்கலாம்.