யாருடைய டாக்டர் சரியான டாக்டர்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. என் ஒன்பது வயது மகள் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய எபிசோடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோடி விட்டேக்கர் டாக்டராக நடித்த சீசன். காபியோடு அந்தப் பக்கம் போன நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இதெல்லாம் ஒரு டாக்டரா? மாட் ஸ்மித் காலத்துல பாத்திருக்கணும்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, அப்ப நான் பாக்குறது தப்பான டாக்டரா?"

எனக்குப் பதில் வரவில்லை.

பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு இந்தத் தொடரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் காலத்தையும் வெளியையும் கடந்து பயணிக்கும் ஒருவரின் கதை. 1966-இல் முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி விலக, டாக்டர் சாகும் நிலையில் உருமாறி வேறு ஆளாக எழுவார் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு யோசனைதான் தொடரை இன்றுவரை காப்பாற்றி வருகிறது. 1989-இல் நின்றுபோனதை 2005-இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் உயிர்ப்பித்தார். 2010-இல் ஸ்டீவன் மொஃபட், 2018-இல் கிறிஸ் சிப்னல், 2023-இல் மறுபடியும் டேவிஸ் என்று பொறுப்பு கைமாறியது. இவர்களைத்தான் ஷோரன்னர் என்கிறோம். கதையின் போக்கு, நடிகர் தேர்வு என எல்லாவற்றுக்கும் இவரே பொறுப்பு. ஐடி பாஷையில் சொன்னால், பல வருடங்களாக ஓடும் சிஸ்டத்துக்குப் புதிதாக வரும் டெக் லீட். முந்தைய ஆள் எழுதிய கோடைப் பார்த்து முகம் சுளிப்பது எங்கள் தொழிலில் மட்டும் இல்லை.

ரசிகர்களின் சண்டையும் அப்படித்தான். டேவிஸ் கண்ணீர் வரவழைப்பார், ஆனால் சீசன் முடிவில் ஏதாவது மாயம் செய்து தப்பிப்பார் என்பார்கள். மொஃபட்டின் கதை பின்னல் பிரமாதம், ஆனால் தலை சுற்றும். சிப்னல் எல்லாவற்றையும் வசனத்திலேயே விளக்கிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, மூன்று புகாரிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் பெரிய கலவரம் 2020-இல்தான். டாக்டர் உண்மையில் எங்கிருந்து வந்தவர் என்றே தெரியாத, கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று சிப்னல் எழுதினார். "அம்பது வருஷ வரலாற்றையே அழிச்சிட்டாரு" என்று கொதித்தவர்களில் நானும் ஒருவன்.

மகளின் கேள்விக்குப் பிறகு அந்த வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். 1963-இல் டாக்டருக்கு இனப்பெயரே கிடையாது. 'டைம் லார்ட்' என்ற சொல் 1969-இல்தான் வந்தது. அவருடைய கிரகத்துக்குக் காலிஃப்ரே என்று பெயர் கிடைத்தது 1973-இல். தொடருக்கு வித்திட்ட சிட்னி நியூமன், வேற்றுக்கிரக அரக்கர்களே வேண்டாம் என்றவர். ஒரு மாதத்துக்குள் டாலெக்குகளின் கதை தொடங்கிவிட்டது. தொடரை ஊரெங்கும் பிரபலமாக்கியதும் அவைதான். 1976-இல் 'தி டெட்லி அசாசின்' டைம் லார்டுகளைச் சாதாரண அரசியல்வாதிகள் போலக் காட்டியபோது அன்றைய ரசிகர் சங்கத்தில் கடும் எதிர்ப்பு. இன்று அது கிளாசிக். நான் காவல் காத்த 'ஒரிஜினல்' என்பதே, பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு செங்கல் வைத்துக் கட்டியதுதான்.

இன்னொரு சம்பவம் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. 1986-இல் பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் ரசிகர் சங்கம் சார்பாக ஒரு 16 வயதுப் பையன் வந்தான். அந்த ஆண்டின் கதை சரியில்லை என்று, அதை எழுதியவர்களிடமே குறை சொன்னான். அந்தப் பையன்தான் கிறிஸ் சிப்னல். 32 வருடம் கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே திட்டை வாங்கிக்கொண்டார். டேவிஸ், மொஃபட் இருவருமே சிறு வயதிலிருந்து இதன் ரசிகர்கள். ஆக, குறை சொல்வது தப்பில்லை. இந்தத் தொடரை நடத்துகிறவர்களே அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான்.

பிறகு எங்கே தப்பு செய்தேன்? 2011-இல் நான் மான்செஸ்டருக்கு வந்தபோது ஆபீஸில் பேச எனக்கு வானிலையைத் தவிர வேறு விஷயம் இல்லை. ஃபுட்பால் தெரியாது, பப் பழக்கம் கிடையாது. சனிக்கிழமை மாட் ஸ்மித்தைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை டீ நேரத்தில் மொஃபட்டின் கதை புரியவில்லை என்று வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் அடித்துக்கொண்டோம். டீமில் ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர். அவருக்கு டாம் பேக்கர்தான் டாக்டர். "எத்தனை வருஷமா பாக்குற?" என்று அவர் என்னைச் சோதிக்கவில்லை. "உன்னோட டாக்டர் யாரு?" என்று மட்டும் கேட்டார். இந்த ஊரில் நானும் ஒரு ஆள் என்று தோன்றிய முதல் நாள் அது.

எனக்குத் திறந்த அந்தக் கதவைத்தான் என் மகள் முகத்தில் சாத்தப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் 1963-இன் முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த 24 வயது வாரிஸ் ஹுசைன். தயாரித்தவர் 27 வயது வெரிட்டி லாம்பர்ட். பிபிசிக்குள் அன்று இருவருமே வித்தியாசமாகப் பார்க்கப்பட்டவர்கள்தான்.

அடுத்த சனிக்கிழமை நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். 1947 பிரிவினையைப் பற்றிய 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'. வினய் படேல் எழுதி, சிப்னல் காலத்தில் 2018-இல் வந்தது. முடிந்ததும், ஒரே குடும்பத்துக்குள் எப்படி எல்லைக்கோடு விழும் என்று கேட்டாள். தெரிந்தவரை சொன்னேன். பிறகு நான் கேட்டேன், "உன்னோட டாக்டர் யாரும்மா?"

"இவங்கதான்" என்றாள், டிவியைக் காட்டி.

சிப்னலின் வசனம் பற்றிய என் கருத்து மாறவில்லை. அதை அவளிடம் சொன்னேன். மொஃபட் கதை தனக்கு ஒண்ணுமே புரியலை என்று திருப்பிக் கொடுத்தாள். அன்று அரை மணி நேரம் அடித்துக்கொண்டோம்.