பதினைந்து எழுத்துகளின் வளைவு நெளிவு

1990களின் தொடக்கம்வரை டி.என்.ஏ. என்றதும் எல்லார் மனத்திலும் எழுந்தது ஒரே படம்தான்: இரண்டு இழைகள், சீரான முறுக்கு. மரபுச் செய்தியைப் பத்திரமாக வைத்திருப்பதோடு அதன் வேலை முடிந்தது. வேதிவினை நடத்துவது புரதங்களின் பாடு. அந்த நினைப்பில் முதல் ஓட்டையைப் போட்டது டி.என்.ஏ. அல்ல, ஆர்.என்.ஏ. டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் ஆர்.என்.ஏ. தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதை 1982இல் தாமஸ் செக் காட்டினார். சிட்னி ஆல்ட்மன் இன்னொரு ஆர்.என்.ஏ.விலும் நொதியின் வேலையைக் கண்டார். 1989இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போதும் டி.என்.ஏ.வின் பக்கம் பெரிதாக யாரும் திரும்பவில்லை. காரணம் இருந்தது. ஆர்.என்.ஏ.வின் ஒவ்வொரு சர்க்கரையிலும் உள்ள ஒரு ஹைட்ராக்சில் தொகுதி டி.என்.ஏ.வில் கிடையாது. மடிப்புகளை இழுத்துப் பிடிக்கவும் வினையில் கைகொடுக்கவும் உதவும் அந்தத் தொகுதியே இல்லாத மூலக்கூறு எப்படி மடியும், எதை வெட்டும்?

1994இல் அமெரிக்காவின் லா ஹோயாவில், ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ரொனால்ட் பிரேக்கரும் ஜெரால்ட் ஜாய்ஸும் இதற்கு விடை கண்டார்கள். நொதியை அவர்கள் வடிவமைக்கவில்லை, பொறுக்கி எடுத்தார்கள். இஷ்டத்துக்கு எழுத்துகள் கோத்த ஒற்றை இழை டி.என்.ஏ.க்களை, ஏறக்குறைய கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டு, ஈய அயனி கலந்த கரைசலில் விட்டார்கள். தன்னோடு இணைத்திருந்த ஆர்.என்.ஏ. கணுவை, அதாவது ஓர் எழுத்தை, எந்த இழை வெட்டிக்கொண்டதோ அதற்கு மட்டும் அடுத்த சுற்றில் இடம். சில சுற்றுகளிலேயே வெட்டும் டி.என்.ஏ. கையில் வந்துவிட்டது. இயற்கையில் இப்படியொரு டி.என்.ஏ. நொதி இன்றுவரை அகப்படவில்லை. எல்லாமே சோதனைக் குழாயில் பிறந்தவை.

1997இல் ஸ்டீபன் சாண்டோரோவும் ஜாய்ஸும் எடுத்துத் தந்த இரண்டு நொதிகள்தாம் இத்துறையின் நட்சத்திரங்கள். பத்தாம் சுற்றின் 23ஆம் பிரதி 10-23. எட்டாம் சுற்றின் 17ஆம் பிரதி 8-17. கோப்பு எண் போன்ற பெயர்களே நிலைத்துவிட்டன. 10-23இன் வெட்டும் பகுதி வெறும் 15 எழுத்து. அதன் இருபுறமும் இரண்டு கரங்கள், இலக்கு ஆர்.என்.ஏ.வோடு இணை சேர்வதற்கு. கரங்களின் எழுத்துகளை மாற்றினால் வெட்டும் இலக்கும் மாறும்.

சரி, அந்தப் பதினைந்து எழுத்தும் எப்படி மடிந்து நிற்கின்றன? 1999இல் 10-23இன் படிக அமைப்பு வெளியானபோது விடை கிடைத்துவிடும் என்றுதான் தோன்றியது. ஆனால் படிகத்துக்குள் இரண்டு டி.என்.ஏ.வும் இரண்டு ஆர்.என்.ஏ.வும் ஒன்றோடொன்று பின்னி, 82 கணுக்கள் கொண்ட ஒரு கூட்டாக உறைந்திருந்தன. வெட்டவே முடியாத நிலை. படம் துல்லியம், பயன்தான் இல்லை. வேலை செய்யும் வடிவில் ஒரு டி.என்.ஏ. நொதியைப் பார்க்க 2016வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வெட்டும் நொதியல்ல, ஆர்.என்.ஏ.வை ஒட்டும் 9டிபி1; ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்களின் கைவண்ணம். அடுத்த ஆண்டு ஷாங்காயிலிருந்து 8-17 வந்தது, ஆங்கில வி எழுத்தின் கோலத்தில்.

1999க்கும் 2016க்கும் இடைப்பட்ட அந்தக் காத்திருப்பில் நடந்த ஒரு சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவையாகப் படுகிறது. 8-17இன் கரங்களில் ஒளிரும் சாயங்களைப் பொருத்தி, ஒரே ஒரு மூலக்கூறு மடிவதை ஒளியின் ஏற்ற இறக்கத்தால் பின்தொடர்ந்தார்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் யி லூ, டேக்ஜிப் ஹா குழுவினர். 2007இல் வெளியான முடிவு இது: மெக்னீசியமோ துத்தநாகமோ இருந்தால் நொதி முதலில் மடிகிறது, பிறகு வெட்டுகிறது. ஈயம் இருந்தால் மடியும் படியே தென்படவில்லை, நேராக வெட்டு. வேகமும் ஈயத்தில்தான் மிக அதிகம். நீரில் ஈயத்தைக் கண்டறியும் உணரியாக 8-17 பெயரெடுத்ததற்கு இந்த வேகமே காரணம்.

மடிவதில் அப்படி என்ன இருக்கிறது? வெட்டு விழ வேண்டுமானால், ஆர்.என்.ஏ. சர்க்கரையின் ஆக்சிஜன், பக்கத்து பாஸ்பரஸ், பிரிந்து போகவேண்டிய ஆக்சிஜன் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். வழக்கமான இரட்டை முறுக்கில் அவை அப்படி வருவதில்லை. ஆர்.என்.ஏ.வை அந்த இடத்தில் வளைத்துப் பிடிப்பதே நொதியின் சாமர்த்தியம்.

10-23 இதை எப்படிச் செய்கிறது என்பது 2022இல்தான் தெளிந்தது. டுசல்டார்ஃப், யூலிஷ் ஆய்வாளர்கள் படிகத்தை விட்டுவிட்டு, கரைசலிலேயே அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தார்கள். அந்தப் பதினைந்து எழுத்தும், கொண்டையைச் சுற்றும் பூச்சரம்போல, ஆர்.என்.ஏ.வைச் சுற்றி வளைந்திருந்தன. மெக்னீசியம் ஒட்டும் இடங்கள் சில; ஒட்டிய அயனியும் நிலையாக உட்காருவதில்லை, வந்து போகிறது. நொதியின் உடலும் ஒரே வடிவில் நிற்பதில்லை. அந்தத் தளர்வு இருப்பதால்தான் வெட்டும் நிலைக்கு அது போய்வர முடிகிறது. 1999இன் படிகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை: ஓயாமல் அசையும் ஒன்றை நிறுத்தி வைத்துப் பார்த்தால் வேறென்ன தெரியும்?

மருந்தாக்கும் முயற்சி இந்தத் தெளிவுக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வாமை ஆஸ்துமாவில் பங்குள்ள காட்டா-3 என்ற புரதத்தின் ஆர்.என்.ஏ.வை வெட்டும் 10-23 வகை நொதியை, மூச்சில் இழுக்கும் மருந்தாக ஜெர்மனியில் நோயாளிகளிடம் சோதித்து 2015இல் நல்ல பலன் காட்டினார்கள். இருந்தும் செல்லுக்குள் நொதி உண்மையிலேயே வெட்டுகிறதா, ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு செல்லின் சொந்த நொதிகளை வெட்ட விடுகிறதா என்ற சண்டை ஓயவில்லை. சந்தேகம் நியாயமானதே. வெட்டுவதற்கு நொதிக்கு வேண்டியதும் ஆய்வகத்தில் தாராளமாக ஊற்றுவதுமான மெக்னீசியம் செல்லுக்குள் கட்டற்ற நிலையில் 1 மில்லிமோலார்கூட இருப்பதில்லை. 2021இல் கலிபோர்னியாவின் ஜான் சாப்பட் குழு 10-23இன் சில கணுக்களில் மட்டும் சர்க்கரையை மாற்றி, அந்தப் பஞ்சத்திலும் செல்லுக்குள் வேலை செய்யும் ஒரு வடிவத்தைக் காட்டியது.