எது முன், எது பின்?

நெசவாளர் இல்லங்களுக்கும் உழவர் இல்லங்களுக்கும் சென்று விசாரிக்குங்கால், "வேலை மலைபோற் குவிந்திருக்கிறது, எதைத் தொடுவதென்றே தெரியவில்லை" என்னும் முறையீட்டைத் தவறாது கேட்கிறோம். தீபாவளி நெருங்கும் ஐப்பசியில் இம்முறையீடு உச்சநிலையை அடைகிறது. தறியில் பாதி நெய்த சேலை, இராட்டையருகே சுற்றாத நூல், பள்ளிக் கட்டணம், கடன் தவணை, போதாக்குறைக்குக் கைப்பேசியின் ஓயாத மணி. இவை யாவும் ஒரே குரலிற் கூப்பிடுவதனாலேயே மனம் திகைக்கிறது.

இவற்றை வரிசைப்படுத்தும் அறிவு நம் தொழிலிலேயே இருக்கிறது. பருத்திப் பாவுக்குத் தெருவிற் கஞ்சி தோய்ப்போர் வெயில் ஏறுமுன் அதனை முடிக்கின்றனர். இழை சட்டென்று உலர்ந்தால் கஞ்சி சீராகப் பரவாது. பின்னர் தறியில் இழை அறும். அவ்வேளையில் எவரும் ஊர்ப்பேச்சுக்கு நிற்பதில்லை. தார் சுற்றுவதையோ மழைநாளிலும், விளக்கொளியிலும் செய்துகொள்ளலாம். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை நடவேண்டும்; வைக்கோற்போரைச் சீர்செய்வது ஒரு வாரம் பொறுக்கும், நாற்று பொறுக்காது. கடன் தவணையும் நாற்றைப் போன்றதே. தமிழ்நாட்டுத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிற் பெறும் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் செலுத்துவோருக்கு வட்டியில்லை. கெடு தாண்டினால் வட்டி ஏறும்.

இவையெல்லாம் காலம் தவறினால் தாமே கண்டிக்கும் காரியங்கள். கண்டிக்காமலே காத்துக்கிடக்கும் காரியங்கள் உள்ளனவே, அவற்றைப் பற்றியே நாம் அதிகம் கவலைகொள்ள வேண்டும். நெய்பவர் கண்ணைக் கொண்டே பிழைக்கிறார். நாற்பது வயதுக்குமேல் அருகிலுள்ளதைக் காணும் ஆற்றல் குறைவது இயல்பு. எனினும் கண் பரிசோதனை "அடுத்த மாதம்" என்றே தள்ளிப்போகிறது. இழை தெரியாமல் நெய்த சேலையிற் பிழை விழுகிறது, கூலி குறைகிறது, குறைந்ததை ஈடுசெய்ய இரவிலும் தறியில் அமர நேருகிறது. வேலை குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்று எவரும் எண்ணுவதில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டமொன்றில் 40 வயது கடந்த தொழிலாளருக்குக் கண்ணாடி அளித்து நடத்தி, 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி பெறாதோரைவிட அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். மகளின் படிப்பை அருகிருந்து விசாரிப்பதும், தனியாரிடம் வாங்கிய பழைய கடனைச் சிறுகச் சிறுக அடைப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஆதலால் அங்கத்தினர்கள் இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் குடும்பத்தோடு அமர்ந்து மறுநாளைத் தீர்மானிப்பது நலம். இல்லத்தரசியாரும் அதில் இருத்தல் வேண்டும். நூல் சுற்றி, சமைத்து, வரவுசெலவையும் நினைவில் வைத்திருக்கும் அவர்தம் வேலை பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. பொறுக்காத காரியம் ஒன்று, காத்துக்கிடக்கும் காரியம் ஒன்று, இவ்விரண்டுக்கும் முதலில் நேரம் குறித்திடுக. எஞ்சியவற்றை ஒரு தாளில் எழுதித் தறியருகே மாட்டலாம். இடையில் வந்து வேலை ஏவுவோருக்கு, "புதன்கிழமைக்குமேல் பார்க்கிறேன்" என்று கூறுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. இரண்டு வாரம் கழிந்தும் எவரும் கேளாத காரியத்தைத் தாளிலிருந்து அடித்துவிடலாம்.