புகையில்லாத் தணலும் மூடிய அறையும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்திலும், அதைச் சுற்றிய நீலகிரிச் சிற்றூர்களிலும், கொடைக்கானல் மலைப்பகுதியிலும், உறைபனி விழும் மாதங்களில் வீட்டை எதைக்கொண்டு சூடாக்குவது என்பது உயிரோடு தொடர்புடைய முடிவாகும். புகைபோக்கி இல்லாத வீடுகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும், சமைத்து முடித்த அடுப்பின் கங்குகளையோ விலைக்கு வாங்கிய அடுப்புக்கரியையோ இரும்புச் சட்டியில் இட்டுப் படுக்கையறைக்குள் வைத்து, குளிர் நுழையாதவாறு கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு உறங்கும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. அவ்வாறு உறங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகள் இம்மலைகளிலிருந்து மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன.

இவ்வழக்கம் தொடர்வதற்கு ஒரு காரணம், புகை வராவிட்டால் ஆபத்தும் இல்லை என்ற நம்பிக்கை. விறகுப் புகை கண்ணைக் கரித்து, இருமலை உண்டாக்கி, உறங்குபவரை எழுப்பிவிடும். கரியின் தணலிலோ அந்த எச்சரிக்கை கிடையாது. கரி போதிய காற்றின்றிக் கனலும்போது முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. நிறமோ மணமோ சுவையோ இல்லாத இவ்வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்வதால், மூச்சு சீராக இருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜன் இன்றித் தவிக்கின்றன. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே என்பதால், ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் அவ்விடத்தில் பாதிப்பு மேலும் கடுமையாகிறது. சாம்பலால் மூடிய தணலும் விடியும்வரை இவ்வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தரையில் படுத்தாலும் தப்ப முடியாது, ஏனெனில் அது அறைக்காற்று முழுவதிலும் கலந்து பரவும் இயல்புடையது. கருவில் உள்ள குழந்தைக்குத் தாயைவிடவும் கூடுதலான தீங்கு நேரக்கூடும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி ஆகியவை தொடக்க அறிகுறிகள். ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் இவை ஒருங்கே தோன்றினால், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் படுத்துவிடாமல், உடனே கதவைத் திறந்து எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழைக்க வேண்டும். கரி எரிந்த செய்தியை மருத்துவரிடம் தாமாகவே சொல்வது மிக முக்கியம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டு இயல்பான அளவைக் காட்டிவிடும் என்பதால், தனி இரத்தப் பரிசோதனையே உண்மையைத் தெரிவிக்கும். சாதாரணக் காற்றில் இவ்வாயுவின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் தரும்போது அது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்குகிறது. பிழைத்தவருக்கும் சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதியும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை.

எரிவாயு ஹீட்டரும் மூடிய அறையில் இதே ஆபத்துக்கு இடந்தருவதே. தூங்கும் அறைக்கு மின் ஹீட்டரே ஏற்றது; அதிலும் சூடான கம்பி வெளியே தெரியாத ஆயில் ஹீட்டர் கூடுதல் பாதுகாப்பானது. 1,500 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்னோட்டம் இழுப்பதால், விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டாமல், எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். படுக்கை, திரைச்சீலை ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். ஈரத்துணியை அதன்மேல் காயப்போடக் கூடாது. அந்த ஹீட்டர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 6 யூனிட், இரு மாதங்களில் 360 யூனிட் செலவாகும். ஏழைக் குடும்பத்துக்கு இது பெருஞ்சுமை என்பதும், கரிச்சட்டியை நாட வைப்பது பெரும்பாலும் அறியாமையைவிட இச்சுமையே என்பதும் மறுக்க முடியாதவை. ஆகவே உறங்கப் போகுமுன் சிறிது நேரம் மட்டும் அறையைச் சூடாக்கி, பின்னர் கம்பளி, காலுறை, வெந்நீர்ப்பை ஆகியவற்றைக் கொண்டு உடலைக் காப்பதே செலவுக்கும் உயிருக்கும் உகந்த வழி.

அறை ஹீட்டர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை சட்டப்படி கட்டாயம் என்பதால், வாங்கும்போது முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். குறையுள்ள கருவியால் தீங்கு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளரிடமும், குறிப்பிட்ட சூழல்களில் விற்றவரிடமும் இழப்பீடு கோரும் உரிமையைத் தருகிறது. இதற்குத் ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்று பெயர். தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்குத் தொடரலாம். முன்னதாக 1915 என்ற உதவி எண்ணிலும் முறையிடலாம். வாடகை வீட்டின் வயரிங் பழுதடைந்து ஹீட்டரைத் தாங்காத நிலையில் இருந்தால், வீட்டு உரிமையாளரிடம் எழுத்துமூலம் கேட்டு நகலை வைத்துக்கொள்வது பின்னர் சான்றாகும். தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை, 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடியிருப்பு தருவதை முதலாளியின் கடமையாக்கியதோடு, குளிரிலிருந்து காக்கப் போர்வை முதலியவற்றை வழங்கச் செய்யும் விதிகளை வகுக்க மாநில அரசுக்கு அதிகாரமும் அளித்தது. குளிர் தாங்கும் வசதியைக் கேட்பது சலுகை கோருவதாகாது.

விருந்தினர் விடுதிகளின் பொறுப்பு இன்னும் கனமானது. கரியின் ஆபத்தை அறியாத சமவெளிப் பயணிக்கு அறைக்குள் கரிச்சட்டியைக் கொடுப்பது சேவைக் குறைபாடாகக் கொள்ளப்படலாம். உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தலைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் கீழ் குற்ற வழக்கும் எழலாம். விடுதி நடத்துவோர் குளிர்காலம் முழுவதும் அறை வாடகைக்குள்ளேயே ஆயில் ஹீட்டரும் கூடுதல் கம்பளியும் தர வேண்டும்; முற்றத்தில் மூட்டிய கணப்பையோ இறைச்சி சுட்ட கரியடுப்பையோ அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கொண்டுசெல்ல, விருந்தினரே கேட்டாலும், மறுத்துவிட வேண்டும்.