சொந்த வார்த்தைகளில் ஆங்கிலம் எழுத வேர்ட் புரோகிராம் உதவும்

பிள்ளைகளின் படிப்புக்காக என்று சொல்லித்தான் பெரும்பாலான வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் வருகிறது. வந்த பின் அதில் படிப்புக்கு என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. இந்த மாதம் ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்களுக்கு உதவும் ஒரு பயிற்சியைப் பார்ப்போம்.

உடுமலைப்பேட்டைக்கு அருகில் உள்ள அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இயங்கி வருகிறது. அங்கு படிக்கும் மாணவர்கள் பலரின் குறி என்.டி.ஏ. தேர்வு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் இளைஞர், மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குத் தயாராகிறார். இருவருக்கும் தேவைப்படும் திறமை ஒன்றுதான். படித்த ஆங்கில வரியைப் பொருள் மாறாமல் வேறு வார்த்தைகளில் சொல்லத் தெரிய வேண்டும். இதற்குப் பாராபிரேஸ் என்று பெயர்.

என்.டி.ஏ. எழுத்துத் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தானே, அங்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மொத்தம் 900 மதிப்பெண்களில் ஆங்கிலத்திற்கு 200 உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும்போது, சரியான விடை பெரும்பாலும் பத்தியில் உள்ள வார்த்தைகளில் இருக்காது. அதே கருத்து வேறு உடை அணிந்து வரும். பத்தியின் வார்த்தைகளை அப்படியே தாங்கி வரும் விடை பல நேரங்களில் பொறியாக இருக்கும். அதில் சிக்கினால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண் கிடைக்காது. அதோடு மூன்றில் ஒரு பங்கு கழிக்கவும் படும்.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுதும் பகுதிக்கு 60 நிமிடங்கள். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்குக் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். கேள்வியில் உள்ள வரிகளை அப்படியே எடுத்து எழுதினால் அவை உங்கள் எழுத்தாக எடுத்துக் கொள்ளப்படாது. 250 எழுதிவிட்டோம் என்று நினைத்து வெளியே வருபவர், உண்மையில் 220 சொற்களுக்குத்தான் மதிப்பெண் பெறுவார்.

பதவுரையும் பொழிப்புரையும்

தமிழ்ப் பாடத்தில் செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை என இரண்டு எழுதியிருப்போம். பதவுரை சொல்லுக்குச் சொல் பொருள் தரும். பொழிப்புரை பாட்டின் கருத்தை முழுதாக வாங்கிக் கொண்டு நம் நடையில் தரும். பாராபிரேஸ் என்பது பொழிப்புரை. ஆனால் நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் செய்வது பதவுரை. ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு சொல்லை வைப்பார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு பார்க்கலாம். 'மெனி பீப்புள் விசிட் தி குரோக்கடைல் பார்ம் பிகாஸ் இட் இஸ் நியர் தி டேம்.' அமராவதி அணைக்கு அருகே உள்ள முதலைப் பண்ணை பற்றிய வரி இது. இதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், 'நியூமரஸ் ஹ்யூமன்ஸ் ஸீ தி அலிகேட்டர் பார்ம்' என்று போகும். ஹ்யூமன்ஸ் என்றால் இங்கு சிரிப்புதான் வரும். அலிகேட்டர் என்பதோ வேறு விலங்கு. பண்ணையில் இருப்பது மக்கர் என்னும் நம் ஊர்ச் சதுப்பு நில முதலை.

சரியான முறை இது: 'தி குரோக்கடைல் பார்ம் இஸ் குளோஸ் டு தி டேம், ஸோ இட் டிராஸ் எ லார்ஜ் நம்பர் ஆப் விசிட்டர்ஸ்.' இங்கு காரணம் முதலில் வந்துவிட்டது. பிகாஸ் போய் ஸோ வந்தது. விசிட் என்ற வினைச்சொல், விசிட்டர்ஸ் என்ற பெயர்ச்சொல் ஆகிவிட்டது. குரோக்கடைல், டேம் இரண்டையும் தொடவே இல்லை. காட்டன், ஜி.எஸ்.எம்., ஊர்ப் பெயர், எண்கள் போன்றவற்றுக்கு மாற்றுத் தேட வேண்டாம். அவை அப்படியே இருக்கட்டும்.

சின்னச் சொற்களில் மிகவும் கவனம் தேவை. ஏற்றுமதி 'பெல் பை டென் பெர்சென்ட்' என்றால் 10 சதவீதம் குறைந்தது. 'பெல் டு டென் பெர்சென்ட்' என்றால் 10 சதவீதமாகக் குறைந்தது. வரைபடத்தை விளக்கும் கேள்வியில் இந்த இரண்டும் மாறினால் விடை முழுவதும் தவறாகிவிடும். ஸம் என்பதை மோஸ்ட் ஆக்குவதும், மே என்பதை மஸ்ட் ஆக்குவதும் இதே வகைதான்.

வேர்ட் புரோகிராமில் பயிற்சி

வேர்டில் ஒரு சொல்லின் மீது கர்சரை வைத்து ஷிப்ட் + எப்7 கீகளை அழுத்தினால் தெசாரஸ் திறக்கும். இணையான சொற்கள் பட்டியலாகக் கிடைக்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதற்கு கண்ட்ரோல் + எப்7 அழுத்தவும். மேலே பார்த்த ஹ்யூமன்ஸ் தவறு இது போன்ற பட்டியலில் இருந்துதான் பிறக்கிறது. எனவே ஏற்கெனவே வேறு வரிகளில் படித்துப் பழகிய சொல்லை மட்டும் எடுங்கள். பட்டியலில் முதலில் இருக்கிறது என்பதற்காக எதையும் எடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், தெசாரஸை விட வேர்டில் உள்ள கம்பேர் வசதிதான் இதற்குச் சிறந்த ஆசிரியர். செய்தித்தாளில் இருந்து ஐந்து வரி ஆங்கிலப் பத்தி ஒன்றை டைப் செய்து ஒரு பைலாக சேவ் செய்திடவும். பத்தியை இரு முறை படித்து, நான்கைந்து குறிப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளவும். குறிப்புகள் தமிழில் இருப்பது இன்னும் நல்லது. ஆங்கில வார்த்தைகள் மீண்டும் வந்து ஒட்டாது. பைலை மூடிவிடுங்கள். மறுநாள் அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துப் பத்தியை எழுதி, வேறு பெயரில் சேவ் செய்திடவும்.

இப்போது ரிவ்யூ டேபில் கம்பேர் என்பதில் கிளிக் செய்து, வரும் மெனுவில் மீண்டும் கம்பேர் தேர்ந்தெடுங்கள். ஒரிஜினல் டாகுமெண்ட் என்ற இடத்தில் முதல் பைலையும், ரிவைஸ்ட் டாகுமெண்ட் என்ற இடத்தில் உங்கள் பைலையும் கொடுத்து ஓகே தட்டவும். மாறிய சொற்கள் நிறத்தில் தெரியும். நிறம் மாறாமல் நீளமாக நிற்கும் வரிகள் நீங்கள் அறியாமலே மனதில் இருந்து காப்பி அடித்தவை. அவற்றை மட்டும் மீண்டும் எழுதுங்கள். ஆனால் பொருள் மாறிவிட்டதா என்று கம்பேர் சொல்லாது. அதை நீங்களோ உங்கள் ஆசிரியரோதான் பார்க்க வேண்டும்.

இந்த முறை கம்ப்யூட்டரை விட மிகப் பழையது. 1706ல் பாஸ்டனில் பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளின், சிறு வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஸ்பெக்டேட்டர் என்ற இதழின் கட்டுரைகளுக்குக் குறிப்பெடுத்து, சில நாள் தள்ளி வைத்து, பின் தன் வார்த்தைகளில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. வேலைக்கு முன்பும் பின்பும் கிடைத்த நேரத்தில்தான் பயிற்சி. ஷிப்ட் முடிந்து வந்து படிக்கும் திருப்பூர் இளைஞருக்கு இது புதிய கதை அல்ல.

தானாக எழுதும் புரோகிராம்கள்

குயில்பாட், சாட்ஜிபிடி போன்றவற்றில் ஒரு வரியைக் கொடுத்தால் நொடியில் மாற்றித் தந்துவிடும். தேர்வு அறையில் இவை கிடையாது. எனவே முதலில் நீங்கள் எழுதுங்கள்; பிறகு அதே வரியை அதனிடம் கொடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது தந்த வரியிலும் பை, டு போன்ற சின்னச் சொற்களைச் சரி பார்க்கவும். இவையும் பொருளை மாற்றி எழுதுவது உண்டு.

தேர்வு நெருங்கும்போது பயிற்சியை நோட்பேடில் செய்வது நல்லது. கம்ப்யூட்டரில் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் சொற்களின் எண்ணிக்கை திரையில் தெரியும்; ஆனால் ஸ்பெல்லிங் தவறுகளுக்குச் சிவப்புக் கோடு வராது. விண்டோஸ் 11 நோட்பேடில் 2024 முதல் ஸ்பெல் செக் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. அதன் செட்டிங்ஸ் சென்று இதனை ஆப் செய்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.